கடற்கரையில் உட்கார்ந்திருக்கிற தாய்மாமனுக்கு

ஏழாயிரம்பண்ணை,
தை 22, வியாழக்கிழமை.

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீ நலமாக இருப்பதை நேரிலேயே பார்த்துவிட்டு வந்துவிட்டதால் நலமா என்று கேட்கப் போவதில்லை. இங்கே நான், உன் அப்பா, உன் அக்கா முத்துமாரி, அவள் பிள்ளை பேச்சி எல்லோரும் சாமி புண்ணியத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன், பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

செவ்வாய்க்கிழமை நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்ததிலிருந்து நீ ஒன்பது தடவை போன் போட்டிருக்கிறாய். கும்பிடுகிற கை படத்தைப் போட்டு ஊர் போய்ச் சேர்ந்தாச்சா என்று மெசேஜ் வேறு. நான் எடுக்கவில்லை, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் ஏதாவது கனமாகப் பேச ஆரம்பித்தால் உனக்கு உடனே டவர் போய்விடும், ரெண்டு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். அதனால்தான் எட்டாவது படித்ததோடு விட்ட கையால் இத்தனை பக்கம் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படி. அப்பாவுக்கு இடுப்புவலி கொஞ்சம் தேவலை, மக்காச்சோளம் ஒடித்தாகிவிட்டது, காட்டுப்பன்றி தின்றதுபோக மிச்சம் வீட்டுக்கு வந்தது. நான் வந்து இறங்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி, "பய மெலிஞ்சிருக்கானா?" என்றார். கறுத்து, சதை போட்டு, காதுக்குக் கீழே முடி வளர்த்து நன்றாக இருக்கிறான் என்றேன். சரி என்று மாட்டுக்குத் தட்டை போடப் போய்விட்டார். உன் அக்காவுக்குக் காலண்டர் சீசன் முடிந்து, இப்போது அதே கம்பெனியில் நோட்டு பைண்டிங் வேலை ஓடுகிறது, காலை ஏழரை வேனில் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருகிறாள். பேச்சி என்னிடமும் அப்பாவிடமும் வளர்கிறாள். இதெல்லாம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்பதில்லை.

நான் எதற்காக வந்தேன் என்பதை மறுபடியும் எழுதுகிறேன், நீ அங்கே காதில் வாங்கியும் வாங்காத மாதிரி இருந்ததால். பேச்சிக்கு மூன்றாவது வயசு நடக்கிறது, இந்த வயசு தாண்டினால் ஐந்தாவதில்தான் காது குத்த முடியும். அவள் அப்பா வழிக் குலதெய்வம் கோயிலில் மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலை என்று நாள் குறித்தாகிவிட்டது. அக்காவின் மாமனார் ஊர்க்காவலன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, பெரிய மனுஷன் பார், என் முகம் கோணாதபடி தணிவாகத்தான் சொன்னார், "மதினி, ஒங்க மகன் வர்றதுக்குத் தோது இல்லேன்னா சொல்லிருங்க, ஒண்ணுவிட்ட மாமன் ஆராச்சும் மடியில வச்சுக்கிடட்டும், நாள மாத்த முடியாதுல்லா" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உன் அக்கா வந்து, "மாமா, வேற மடி வேண்டாம், அழகுராசா மடியில வச்சுத்தான் குத்தணும், இல்லேன்னா குத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புருஷனைப் பறிகொடுத்த ரெண்டே கால் வருஷத்தில் அவள் தன் மாமனார் முன்னால் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் சேவு ரெண்டு பொட்டலத்தையும் உன் அளவுக்கு எடுத்த வேட்டியையும் பையில் வைத்துக்கொண்டு கொல்லம் ரயிலில் ஏறினேன், அங்கே இறங்கி இன்னொரு ரயில் மாறி, அப்புறம் ஆட்டோக்காரரிடம் உன் போட்டோவைக் காட்டி வந்து சேர்ந்தேன்.

அந்த ஊரைப் பற்றி என்ன எழுத. மணி பதினொன்று, ஊரெல்லாம் உச்சி வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க ஓடுகிற நேரம், அங்கே வயசுப்பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாகக் களத்தில் காயப்போட்ட பூச்சட்டி வெடி மாதிரி வரிசையாக மணலில் கிடக்கிறார்கள். ஒருத்தன் ரெண்டு தென்னைக்கு நடுவே தொட்டில் கட்டி அதில் படுத்துப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்திருக்கிறான். நீ வேலை பார்க்கிற கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது, அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன், "இங்கன அவசரத்துக்கு எடம் இல்லன்னு போட்டிருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினாய். எனக்கு அங்கேயே அதைக் கழற்றி அடுப்பில் வைக்கலாம் போல வந்தது. வந்து கிடக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்கள் எங்கெங்கோ உழைத்துவிட்டு நாலு நாள் லீவு எடுத்து வந்திருக்கிறார்கள், திங்கட்கிழமையானால் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பாமல் கிடக்கிறவன் என் பிள்ளை ஒருத்தன்தான். பசிக்கிறது என்றதற்கு ஒரு கிண்ணத்தில் வாழைப்பழத்தைக் கூழாக்கி அதன்மேல் என்னென்னவோ விதையைத் தூவி என் கையில் கொடுத்தாய், குருவிக்கு வைக்கிறதை எனக்கு ஏன்டா வைக்கிறாய் என்று கேட்டேன், அதற்கும் சிரிப்பு. பொய் எழுதக் கூடாது, கடல் நன்றாகத்தான் இருந்தது. அலை எழும்பி வரும்போது, அலையில் சறுக்குகிற நீளப் பலகை மேல் தாவி எழுந்து நிற்கிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னை மறந்து உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் நான் எதற்கு வந்தேன் என்பது ஞாபகம் வந்து என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மத்தியானமே உன்னிடம் சொன்னேன், நாள் சொன்னேன், கோயில் சொன்னேன், அக்கா சொன்னதையும் சொன்னேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு "பாக்கலாம்மா" என்றாய். என்னத்தைப் பார்ப்பது? பெண்ணா பார்க்கப் போகிறாய்? தாய்மாமன் சீர் எதுவும் கொண்டுவர வேண்டாம், தட்டு வேண்டாம், தோடு வேண்டாம், நீ வந்து ஒரு கால் மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் போதும் என்றேன். அதற்கும் பாக்கலாம்தான். திங்கட்கிழமை மறுபடி கேட்டபோது, "இங்கன இது சீசன்மா, ஆளு வந்துகிட்டே இருப்பாக, லீவு கேட்டா நல்லா இருக்காது" என்றாய். சீசனா? என்னிடமா அந்த வார்த்தையைச் சொல்கிறாய்? இருபத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினவளிடம் சீசனைப் பற்றிப் பேசுகிறாய். சீசனில்தானே உன் மச்சான் செத்தார். தீபாவளி லோடு போக வேண்டும் என்றுதானே அன்றைக்கு அத்தனை அறையிலும் வேலை ஓடியது. அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, வெளியூரில் நாலு பேர் முன்னால் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நெருப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், மணலில் தேங்காய் மட்டையைக் கூட்டி நெருப்பு வளர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார்கள், வாசிக்கட்டும். ஒரு பெண் கம்பி மத்தாப்புப் பெட்டியும் தரைச்சக்கரப் பெட்டியும் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாள். அவள் போட்டிருந்த சட்டை வழவழவென்று நைலான். நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை, கால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கி நெருப்பில் ஊற்றிவிட்டு, அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கித்தார்க்காரன் நனைந்தான், சாம்பல் எல்லோர் மேலும் பறந்தது. நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், நீயும் அதைத்தான் செய்திருப்பாய், நீயே பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாய், உன் கால் ரெண்டும் நகரத் தொடங்கியதை நான் பார்த்தேன். ஆனால் நீ என்ன செய்தாய்? ரெண்டு கையையும் கூப்பி அவர்களிடம் சாரி சாரி என்றாய், இங்கிலீஷில் என்னமோ சொன்னாய், அவர்கள் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். என்னடா சொன்னாய் என்று கேட்டேன். "அம்மாவுக்கு நெருப்புன்னா பயம்னு சொன்னேன்" என்றாய். எனக்கா நெருப்பென்றால் பயம்? இருபத்திரண்டு வருஷம் வெடிக்கு நடுவில் உட்கார்ந்து பின்னி, அந்தக் கூலியில் உன்னைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தவளுக்கா பயம்? நெருப்பை எங்கே வைப்பது, வெடிமருந்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவளுக்குப் பெயர் பயந்தவளா? அங்கே இருந்த அத்தனை பேரில் உயிரின் விலை தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்காக நீ மன்னிப்புக் கேட்டாய். இதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், உனக்கே தெரியுமோ தெரியாதோ. நம் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பிலிருக்கிற கரண்ட் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கிற செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் படியேறுவோம், தொடாமல் ஏறினால் போர்மேன் சத்தம் போடுவார். அந்தச் சறுக்குப் பலகைகளை அடுக்கி வைத்திருக்கிற கொட்டகைக்குள் நீ போகிறபோதெல்லாம் செருப்பை வெளியே விட்டு, கதவின் இரும்புத் தாழ்ப்பாளை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாய். அங்கே என்ன மருந்தா இருக்கிறது? மெழுகும் கயிறும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் பதினோரு தடவை எண்ணினேன். முதலில், இவன் ஒன்றையும் மறக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் கோபம் இரட்டிப்பாக வந்தது. மறந்துவிட்டுத் திரிகிறான் என்றாவது நினைத்து ஆறியிருப்பேன், எல்லாம் ஞாபகம் இருந்தும் வராமல் இருக்கிறான் என்றால் அதற்கு நான் என்ன பெயர் வைப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தெரிந்தது. நீ டீ வாங்கப் போயிருந்தாய். உன் முதலாளி பெனிட்டோ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், நல்ல மனுஷன், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, உன்னைப் பெருமையாகத்தான் சொல்ல வந்தார். "அம்மா, ஒங்க மவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆயுத பூசைக்கு மொத வாரம், சனிக்கெழம காலைல கார்ல நாலு பேரா வந்தானுவ. மத்த மூணு பேரும் முங்கி முங்கித் தண்ணி குடிச்சானுவ, இவன் மூணாவது தடவையே பலகையில எந்திரிச்சு நின்னுட்டான். கையத் தூக்கிக் கத்திக்கிட்டே கரைக்கு வந்தான். பைக்குள்ள போன் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு, எடுத்துப் பேசினான், அப்பிடியே மணல்ல உக்காந்துட்டான். என்னன்னு கேட்டேன், சொல்லல. ஒரு மாசம் கழிச்சுப் பையோட வந்து வேல கேட்டான். பலகைக்கு மெழுகு தேய்ப்பான், ஆளுகளுக்கு மணல்ல வச்சுச் சொல்லிக் குடுப்பான், ஆனா அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் முட்டளவுத் தண்ணிக்கு மேல எறங்கல. ஏன்மா, ஒங்களுக்காச்சும் தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் எழுந்து போனதும் விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சனிக்கிழமை. அன்றைக்கு நீயும் வேலை பார்த்த நம் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் உட்கார வேண்டியது உன் முறை. மருமகன் மாரீஸ்வரனுக்கு எப்போதும் பேக்கிங் செட்டில்தான் வேலை, அந்த அறைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீ எங்களிடம் என்ன சொன்னாய்? காய்ச்சல், சாத்தூரில் சிநேகிதன் வீட்டில் தங்கி ஊசி போட்டுக்கொள்கிறேன், எனக்குப் பதிலாக மச்சான் உட்கார்ந்துகொள்வார் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினாய். சனிக்கிழமை பத்தரை மணிக்கு அந்த அறை வெடித்துப் போய்விட்டது. நீ பொழுது சாய்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகமெல்லாம் சிவந்து, கண் ரெண்டும் கோவைப்பழமாக இருந்தது, காய்ச்சலோடு வந்திருக்கிறான் என் பிள்ளை என்று நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அது வெயிலும் உப்புத் தண்ணீரும்டா. பதினாறு நாளும், உன் அக்கா கைக்குழந்தையோடு மூலையில் கிடக்கும்போது, அவளுக்கு ஒரு வாய் ஊட்டாமல் உனக்குத் தனியாக மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேனே, அதை எப்படிக் குடித்தாய்?

அதற்கு மேல் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான், நீ டீயோடு திரும்பி வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். கொல்லத்தில் ரயில் வருகிறவரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டினேன், பக்கத்தில் இருந்த மலையாளத்து அம்மாள் எனக்குப் பைத்தியம் என்று தள்ளி உட்கார்ந்தாள். ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனது குற்றமா என்று நீ கேட்கலாம். இல்லை. இருபத்தேழு வயசுப் பிள்ளை, வாரம் ஆறு நாள் மருந்துக்குள் கிடக்கிறவன், கடல் பார்க்க ஆசைப்பட்டது குற்றமில்லை. அந்த அறை வெடித்ததும் உன் குற்றமில்லை, எந்த நேரம் எதில் பொறி தட்டும் என்று யாருக்குத் தெரியும், நீ இருந்திருந்தால் நீ போயிருப்பாய், நான் உனக்கு அழுதிருப்பேன். குற்றம் என்னவென்றால் அதற்கப்புறம் நீ செய்தது. பொய் சொன்னாய், பிறகு பொய்யை விட்டுவிட்டு ஓடினாய், ஓடியும் எங்கே போனாய் என்றால் அதே மணலுக்கே போய் உட்கார்ந்துகொண்டாய். தண்ணீரில் இறங்காமல் இருக்கிறாயாம், உனக்கு நீயே தண்டனை கொடுத்துக்கொள்கிறாயாம். அந்தத் தண்டனையால் யாருக்கு என்ன லாபம்? நீ முட்டளவுத் தண்ணீரில் நின்றால் இங்கே உன் அக்காவுக்கு வேன் காலையில் லேட்டாக வருமா? பேச்சி காய்ச்சலில் அனத்தும்போது நீ கடலில் குளிக்காமல் இருப்பது அவளுக்கு மருந்தாகுமா? கம்பெனியில் ஒரு அறை வெடித்தால் மற்ற அறையில் இருக்கிறவர்கள் வெளியே ஓடுவோம், எல்லோரும்தான் ஓடுவோம், அது தப்பில்லை. புகை அடங்கினதும் யார் யார் வெளியே வரவில்லை என்று பார்க்கத் திரும்பி வருவோம். நீதான் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்காவிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவள் உன் மடி வேண்டாம் என்றுவிடுவாள், அவளுக்கு இருக்கிற ஒரு கூடப்பிறந்தவனும் இல்லாமல் போய்விடுவான் என்று பயந்தேன். ஆமாம், இதற்குப் பயந்தேன், நெருப்புக்கு இல்லை. ஆனால் என்னால் முடியவில்லை. நேற்று அவள் வேலைவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து பேச்சிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெனிட்டோ சொன்னது பூராவும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீப்பு நிற்கவே இல்லை. பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சடை போட்டு முடித்துவிட்டு, "தெரியும்மா" என்றாள்.

அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அன்னைக்குக் காலைலயே எனக்குத் தெரியும். தூக்குச்சட்டியில நான் கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கேன், அவுக பின்னாடி வந்து நின்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக, மாப்ளைக்குக் காய்ச்சலும் இல்ல கீச்சலும் இல்ல, கடல் பாக்கப் போயிருக்கான், ஒங்க அம்மாட்ட சொல்லிராத, ஒரு நாளு அவன் எடத்துல நான் உக்காந்துக்கிடுதேன், சின்னப்பய போயிட்டு வரட்டும்னு. நானும் சிரிச்சேம்மா." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இத்தனை நாள் ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அவன மண்ண வாரித் தூத்துவ. அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன். அவன் சொல்லாமலே போயிட்டான்" என்றாள்.

ஆக, நீ யாரிடமிருந்து மறைந்து உட்கார்ந்திருக்கிறாயோ அவளுக்கு முதல் நாளே தெரியும். போலீசுக்குத் தெரிவதற்கு முன்னால், உனக்கு மணலில் போன் வருவதற்கு முன்னால், மாரீஸ்வரன் அந்த வாசல் படியேறுவதற்கு முன்னாலேயே தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் உன் மெசேஜுக்குப் பதில் போட்டாள், பொங்கலுக்கு உனக்குச் சட்டை எடுத்து அனுப்பினாள், மாமனார் முன்னால் உன் மடிதான் வேண்டும் என்று நின்றாள். அப்படியென்றால் அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, "இல்ல" என்றாள். பிறகு ஏன்டி அவன் மடி, ஊர்க்காவலன் அண்ணாச்சி சொன்ன மாதிரி வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டுமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை எழுதத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். "காது குத்தும்போது பிள்ள திமிரும்மா. வேற ஆளுன்னா பாவம்னு கைய விட்டுருவாக. இவளுக்கு அப்பா இல்லாமப் போனது எதனாலன்னு தெரிஞ்சவன் பிடிச்சாத்தான் விடாமப் பிடிப்பான்" என்றாள்.

மாசி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி, மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் காது குத்து. சனிக்கிழமை மத்தியானம் கொல்லத்தில் ரயில் ஏறினால் அன்றைக்கே சிவகாசியில் இறங்கி நம் ஊருக்குப் பஸ் பிடிக்கலாம், அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டு வருவார், அவர் ஒன்றும் கேட்க மாட்டார், நீயும் வழியில் ஒன்றும் சொல்லாதே. முதலில் அக்காவிடம் போய்ச் சொல். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும், இருந்தாலும் உன் வாயால் சொல். உனக்கு எடுத்த வேட்டியைக் கோபத்தில் உன் கட்டில் மேலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன், அதை எடுத்துக்கொண்டு வா. முடியை வெட்டிக்கொண்டு வா. நீ வந்தால் உனக்கு இலை போட்டுச் சோறு வைப்பேன், பேசுவேனா என்பதை இப்போது சொல்ல முடியாது, எனக்குக் கோபம் தீர நாளாகும். வராவிட்டால் இனிமேல் போனும் போட வேண்டாம், கும்பிடுகிற கை படமும் அனுப்ப வேண்டாம்.

நீ எங்கே இருந்தாலும் குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும், உன் கை காலுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், உன்னைத் திட்டுகிற இந்த வாயாலேயே அதையும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். கைக்குழந்தையில் பார்த்த உன் முகம் பேச்சிக்கு ஞாபகமில்லை, புது ஆள் என்று மடியில் வைத்ததுமே அழ ஆரம்பிப்பாள், முதல் காதில் குத்தினதும் உன்னை எட்டி உதைப்பாள். ஆசாரி ரெண்டாவது காதையும் முடித்துத் தோட்டைத் திருகுகிறவரை கையை எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
கோபத்தோடு வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
உ. பொன்னுத்தங்கம்.